எங்கே தாமதம்? நோர்வே மண்ணில் வளர்ந்த ஒரு கேள்வி

ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் வண்டியேறி, நீண்ட சுரங்கப் பாதையின் இருளைக் கடந்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷங்களில் லில்லெஸ்ட்ரோமில் இறங்கி, அங்கிருந்து சமவெளியில் வடக்கே சற்றுத் தூரம் சென்றால் ஷெல்லர் என்ற சிற்றூர் வரும். 1912-ஆம் வருஷத்திலேயே விமானத் தளம் அமையப்பெற்றதும், 1951-இல் நோர்வேயின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியதும், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் இருப்பிடமுமான அந்த ஊரில் பார்ப்பவர் கண்ணைக் கவரும் மாளிகை எதுவும் இல்லை. ஆயினும் வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கம்பியில்லா வலையின் வழியே ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, அது நகராமல் நிற்பதைப் பார்த்துப் பொறுமையிழந்து உட்கார்ந்திருக்கும் எவரும் நன்றியோடு நினைக்கவேண்டிய ஸ்தலம் அது என்பது என் துணிபு. தாமதம் என்பது ஒரே பொருளன்று, அது பாதையின் ஏதோ ஒரு பகுதியில் ஒளிந்திருக்கிறது, அந்தப் பகுதியைத் தனியே பிரித்து அளந்தாலன்றி அதற்குப் பரிகாரம் இல்லை என்ற அறிவு, அரை நூற்றாண்டுக்கு முன் அந்தச் சமவெளியில் சிரமப்பட்டுச் சம்பாதிக்கப்பட்ட அறிவுகளில் ஒன்று.

சரித்திரம் பூமிக்கடியிலிருந்து ஆரம்பிக்கிறது. அமெரிக்காவும் சோவியத் நாடும் நிலத்தடியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வெடிப்புகளின் அதிர்வைத் தூரத்திலிருந்தே கண்டறிவதற்காக, 1968-இல் நோர்வேக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஒஸ்லோவுக்கு வடக்கேயுள்ள ஹெட்மார்க் காட்டுப் பிரதேசத்தில் அதிர்வுமானிகள் புதைக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட அந்தக் கருவிகளின் சமிக்ஞைகள் யாவும் ஷெல்லரிலுள்ள நோர்ஸார் என்ற நிலையத்தில் வந்து சேர்ந்தன. அங்கிருந்து அவை ஸ்வீடனின் மேற்குக் கரையிலுள்ள தானும் தரைநிலையத்துக்குப் போய், அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலே நிற்கும் செயற்கைக்கோளைத் தொட்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தகவலைச் சிறு பொதிகளாகத் துண்டித்து அனுப்பும் புதிய முறையில் அமெரிக்க ஆராய்ச்சிக்கூடங்களை இணைத்துவந்த ஆர்ப்பாநெட் என்ற கணினி வலை, இந்தப் பாதை முன்பே இருந்த காரணத்தால், 1973 ஜூன் மாதத்தில் ஷெல்லரை வந்தடைந்தது. ஐரோப்பாவில் அந்த வலை முதலில் தொட்ட இடம் இதுவே. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பீட்டர் கிர்ஸ்டைன் அமைத்த நிலையமும் அதே வருஷத்தில் ஷெல்லர் வழியாகத்தான் வலைக்குள் புகுந்தது.

அந்தப் பாதையின் வேகம் விநாடிக்கு 9,600 பிட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் சாதாரணமாக நான்கு மெகாபைட் இருக்குமானால், அதை அந்தப் பாதையில் அனுப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். அந்த வேகத்தில் உழைத்தவர்களுக்கு ஒரு பிட்டும் வீணாகக்கூடாது என்பது சுபாவமாகவே ஆகிவிட்டிருக்கும். வேகம் தாராளமாகக் கிடைக்கும் இக்காலத்தில் நாம் இழந்துவிட்ட குணம் அது.

நோர்ஸார் நிலையத்தின் அண்டைவீடு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம். 1946-இல் தோன்றிய அந்த நிறுவனத்தில் 1960-களின் தொடக்கத்திலேயே சொந்தமாகக் கணினிகளை வடிவமைத்தவர் இங்வார் லுண்ட். 1972-இல் ஆர்ப்பாநெட்டின் தலைமை ஸ்தானத்திலிருந்த லாரி ராபர்ட்ஸும் பாப் கானும் நோர்வேக்கு வந்து ஒத்துழைக்க ஆள் தேடியபோது, கையை நீட்டியவர் அவர்தான். பிறகு அவரோடு சேர்ந்து பல வருஷங்கள் இந்தக் காரியத்தையே தம் வேலையாகக் கொண்டவர் பௌல் ஸ்பில்லிங். நாட்டில் வேறு பலருக்கு இதில் ருசியே ஏற்படாத அந்த நாட்களில், இந்த இருவரும் ஒரு சில உதவியாளர்களும் சேர்ந்த சிறு கூட்டந்தான் ஐரோப்பாவின் வடகோடியில் பொதிவலையின் தீபத்தை அணையாமல் காத்தது என்று சொல்வது மிகையாகாது.

அவர்கள் கலந்துகொண்ட பரிசோதனைகளுள் தலையாயது சாட்நெட் என்ற செயற்கைக்கோள் வலை. தரைநிலையம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை கொடுக்காமல், விநாடிக்கு 64,000 பிட் செல்லும் ஒரே அலைவரிசையை ஸ்வீடனின் தானும், இங்கிலாந்தின் கூன்ஹில்லி, அமெரிக்காவின் ஈட்டம் முதலிய நிலையங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஷெல்லர் தானும் நிலையத்தின் வாயிலாக அதில் சேர்ந்திருந்தது. ஒரே ஆகாயத்தில் பல குரல்கள். எவர் எப்பொழுது பேசுவது?

இந்தக் கேள்விக்கு முதல் விடையை 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்ஸன் கண்டிருந்தார். அவருடைய அலோஹா வலையில் எவரும் நினைத்தபோது ரேடியோவில் பொதியை அனுப்பலாம். இரண்டு பொதிகள் மோதிக்கொண்டால் ஒப்புகை வராது. ஒப்புகை வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடியும் அனுப்ப வேண்டும். எளிமையான இந்த முறைக்குக் கொடுக்கும் விலை பெரியது. அலைவரிசையின் முழுத் திறனில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பது கணிதம் சொல்லும் முடிவு. காலத்தைச் சம கூறுகளாக வகுத்து, கூறின் ஆரம்பத்தில் மட்டுமே பேசலாம் என்று நியமித்தால் அது 37 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டுக் காட்டியவர், நோர்வேக்கு வந்த அதே ராபர்ட்ஸ். சாட்நெட்டில் இந்த முறையும், ஒவ்வொருவருக்கும் முறை ஒதுக்கும் ஏற்பாடும், முன்கூட்டியே இடம் பதிந்துகொள்ளும் ஏற்பாடும் ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சிக்கப்பட்டன. வீட்டு வைஃபையின் மந்தத்தைப் பற்றி இன்று நாம் பேசும் பேச்செல்லாம் வேர்விட்டிருப்பது இங்கேதான். காற்று பொதுச் சொத்து. அதில் ஒருவர் பேசும் நேரம் மற்றவர் மௌனம் காக்கும் நேரம்.

இன்னொரு சங்கடமும் ஷெல்லர்க்காரர்களுக்கு இருந்தது. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்தில் சென்றாலும், செய்தி மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் விநாடி ஆகும். பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை திரும்பிவர மற்றொரு கால் விநாடி. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர், முதல் வள்ளம் கரை சேர்ந்து ரசீது திரும்பி வந்த பிறகே இரண்டாவது வள்ளத்தை அவிழ்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், கடல் எவ்வளவு அகலமாகத் திறந்து கிடந்தும் அவருக்கு என்ன பிரயோஜனம்? ஆயிரம் பிட் கொண்ட ஒரு பொதியை அனுப்பிவிட்டு அரை விநாடி காத்திருந்தால், விநாடிக்கு இரண்டு பொதிகள்தான் போகும். 64,000 பிட் ஓடக்கூடிய வாய்க்காலில் ஓடுவது 2,000 பிட். அங்கே வாய்க்கால் குறுகலாக இல்லை, அதை நிரப்புவார் இல்லை. ரசீதை எதிர்பாராமல் முப்பதுக்கு மேற்பட்ட வள்ளங்கள் ஏககாலத்தில் கடலில் மிதக்க அநுமதித்தால்தான் வாய்க்கால் நிரம்பும். இவ்வாறு அநுமதிக்கப்பட்ட அளவையே வலை விற்பன்னர்கள் ஜன்னல் என்று சொல்வார்கள்.

அந்த ஜன்னலைத் தன்னுள் கொண்ட டிசிபி என்ற நெறிமுறை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வின்ட் ஸெர்ஃப் நடத்திய ஆராய்ச்சி வட்டத்தில் உருப்பெற்று, 1974 டிசம்பரில் முதன்முதலாக விரிவாக எழுதப்பட்டது. அதை எழுதிய மூவருள் ஒருவர், பம்பாய் ஐஐடியில் படித்துச் சென்ற யோகன் தலால். அந்த வட்டத்தில் ஒஸ்லோவைச் சேர்ந்த டாக் பெல்ஸ்னெஸும் இடம்பெற்றிருந்தார். கோப்பு மாற்றத்துக்கென்றே ஏற்பட்ட முதல் நெறிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவரும் ஓர் இந்தியரே. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியில் பயின்ற அபய் பூஷண். இவற்றையெல்லாம் தேசாபிமானப் பெருமைக்காக நான் எடுத்துச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் என்றால் எங்கிருந்தோ வந்து நம் தலையில் விழுந்த சங்கதி என்று எண்ணும் நம்மவர்கள், இதன் அஸ்திவாரத்தில் நம் பக்கத்துக் கைகளும் மண் சுமந்திருக்கின்றன என்பதை அறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

1977 நவம்பர் 22 அன்று, ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவின் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து ரேடியோவில் புறப்பட்ட பொதிகள், ஆர்ப்பாநெட்டில் ஏறி, செயற்கைக்கோள் வழியே அட்லாண்டிக்கைத் தாண்டி, நோர்வேயையும் லண்டனையும் தொட்டு மீண்டு, கலிஃபோர்னியாவின் தென்பகுதியிலுள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சென்றடைந்தன. ரேடியோ வலை, கம்பி வலை, செயற்கைக்கோள் வலை என்ற மூன்று வெவ்வேறு சுபாவமுடையவை ஒரே நெறிமுறையின்கீழ் ஒன்றாய் இசைந்த நாள் அது.

இனி நான் மிகுந்த ஆவலோடு சொல்லவந்த சம்பவத்துக்கு வருகிறேன். 1983 ஜூலையில் இந்த ஆராய்ச்சியாளர்களின் கூட்டம் ஒன்று நோர்வேயில் நடந்தது. மேரிலாந்து மாகாணத்தில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைபார்த்த மைக் மியூஸ் அதற்கு வந்திருந்தார். டேவ் மில்ஸ் என்ற மற்றோர் அறிஞர், தம்முடைய சிறு கணினிகளிலிருந்து எதிரொலிப் பொதிகளை அனுப்பி, அவை திரும்பி வரும் காலத்தை அளந்து, பாதையின் தாமதத்தைக் கண்டறிவதாகப் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தை மியூஸின் காதில் விழுந்தது. அவ்வளவே. டிசம்பர் மாதத்தில் தம் கூடத்தின் வலை விபரீதமாக நடந்துகொள்வதைக் கண்ட மியூஸ், நோர்வேயில் கேட்டதை நினைவுகூர்ந்து, ஒரே மாலைப்பொழுதில் ஆயிரம் வரிக்குள் ஒரு நிரலை எழுதி முடித்தார். நீருக்கடியில் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு கப்பலையும் மீனையும் கண்டுபிடிக்கும் சோனார் கருவியின் ஓசையை நினைத்து, அதற்குப் பிங் என்று பெயரிட்டார். உலகத்தில் இன்று பழுது பார்க்கும் எந்த வலைக்காரரும் முதலில் கையிலெடுக்கும் கருவி அதுதான். 2000-இல் ஒரு வாகன விபத்தில் இறந்துபோன அந்த மனிதர் அதைவிடப் பெரிய காரியங்கள் பலவற்றைச் செய்தவர். உலகம் அவரை இந்த ஒரு மாலை வேலைக்காகவே நினைக்கிறது.

எதிரொலி என்ற உபாயத்துக்கு நோர்வே அந்நிய நாடன்று. 1947-இல் ஒஸ்லோவில் வில்லி ஸிமொன்ஸன் தொடங்கிய ரேடியோத் தொழிற்சாலையிலிருந்து பிறந்த ஸிம்ராட் எதிரொலிமானிகள், மீன் கூட்டத்தின் ஆழத்தைச் சொல்லும் கருவிகளாக உலகத்துக் கடல்களெங்கும் சென்றன. நம்மவருக்கு இந்நாட்டோடு உறவு ஏற்பட்டதும் மீன்பிடித் தொழிலின் வழியாகத்தான். யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து 1956-இல் நோர்வேக்கு வந்த அந்தோனி ராஜேந்திரத்தின் முயற்சியால் காரைநகரில் ஸீநோர் என்ற மீன்பிடித் தொழில் ஸ்தாபனம் உருவாகி, அதன் வழியே வேறு பல இளைஞர்களும் இந்நாட்டை அறிந்துகொண்டதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள்.

கம்பியில்லாத செய்திக்கும் மீனுக்குமே இந்நாட்டில் பழைய உறவு உண்டு. லொஃபோட்டன் தீவுகளில் மீன் எங்கே குவிந்திருக்கிறது என்பதை அறிவிக்க 1861-இல் தந்திக்கம்பி போட்டார்கள். கொந்தளிக்கும் கடலுக்கு அப்பாலிருந்த ரொஸ்ட் தீவுக்கு, 1906-இல் ஸோர்வோகன் நிலையத்திலிருந்து கம்பியில்லாத் தந்தியை ஏற்படுத்தினார்கள். அதற்கு அன்று அவர்கள் வழங்கிய ‘த்ரோலோஸ்’, அதாவது இழையற்றது என்ற சொல்லே இன்று வீட்டு வைஃபைக்கும் நோர்வேஜிய மொழியில் வழங்குகிறது. சொல் மாறவில்லை, காற்றின் குணமும் மாறவில்லை.

மாறியது நெருக்கடி. மைக்ரோவேவ் அடுப்பு முதலிய சாதனங்களுக்கு விடப்பட்டிருந்த அலைவரிசைகளில் உரிமமின்றியே செய்தி அனுப்பலாம் என்று அமெரிக்க அரசாங்கம் 1985-இல் அநுமதித்தது. 1997-இல் விநாடிக்கு 2 மெகாபிட்டாகப் பிறந்த வைஃபை, 1999-இல் 11 ஆகவும், 2003-இல் 54 ஆகவும் வளர்ந்தது. ஆனால் பேசுமுன் காற்றில் மௌனம் இருக்கிறதா என்று கேட்டு, சிறிது காத்து, அனுப்பி, ஒப்புகை பெற்று நகரும் ஒழுங்கின் காரணமாக, அந்த 54-இல் பாதிகூட நம் கோப்புக்குக் கிட்டாது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் ஒன்று, காற்றில் கிடைக்கும் எண் வேறொன்று. அலோஹாவின் விலையை நாம் இன்னும் தவணைமுறையில் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

ஒஸ்லோவின் கிழக்கே குரூருட் பள்ளத்தாக்கில், அம்மெரூட், ஸ்டொவ்னர், ரொம்ஸோஸ் என்று 1960-களிலும் 70-களிலும் எழுந்த கான்கிரீட் அடுக்குமாடிகளில் நம் குடும்பங்கள் அநேகம் வசிக்கின்றன. குளிரைத் தடுக்க வந்த கனத்த சுவர் ரேடியோ அலையையும் சேர்த்தே தடுக்கிறது. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில், ஒன்றையொன்று இடிக்காமல் இயங்கக்கூடிய பாதைகள் மூன்றுதான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவற்றைப் பங்கிடும் வீடுகளோ முப்பது நாற்பது. என் வீட்டில் மகளின் அரங்கேற்றத்தைப் பதிவுசெய்த 30 கிகாபைட் படத்தை, மடிக்கணினியிலிருந்து படுக்கையறையிலுள்ள வலைத்தட்டில், அதாவது வீட்டு வலையோடு இணைந்த சேமிப்புத் தட்டில், சேமிக்க முயன்றபோது, விநாடிக்கு 3 மெகாபைட் என்று ஊர்ந்தது; கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் என்று திரை சொல்லிற்று. புதிய ரவுட்டர் வாங்குங்கள் அப்பா என்றாள் மகள். அவள் சொன்னதில் தவறில்லை. எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் மியூஸின் எதிரொலியை எடுத்துக்கொண்டேன். மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரை விட்டு வலைத்தட்டுக்கு ஒரு தடவை என்று பாதையை இரண்டாகப் பிரித்து அளந்தேன். கூடத்தில் ரவுட்டரின் அருகே உட்கார்ந்தபோது எதிரொலி இரண்டு மில்லிவிநாடியில் திரும்பிற்று. படுக்கையறைத் தட்டிலிருந்து வந்த எதிரொலி சில சமயம் ஐந்திலும், சில சமயம் இருநூறிலும் வந்தது. சுவருக்கு அப்பாலிருந்த தட்டு பழைய வரிசையில் தள்ளாடியது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் விளங்கிற்று. அனுப்பும் கணினியும் பெறும் தட்டும் இரண்டுமே கம்பியில்லாமல் இருந்தபடியால், ஒவ்வொரு பொதியும் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து தட்டுக்கு மறுமுறை என்று ஒரே காற்றில் இரண்டு தரம் பிரயாணம் செய்தது. காற்றைத் தாண்டும் ரேடியோ ஒன்றே ஆகையால், இரண்டாவது பயணத்துக்கு முதல் பயணம் ஒதுங்க வேண்டும். வேகத்தில் சரிபாதி அங்கேயே போய்விடுகிறது. சுவர் இடையூறாக இருப்பதால் சிலர் நடுவே வைக்கும் அலைபெருக்கிப் பெட்டியும், ஒரே ரேடியோவில் வாங்கி ஒரே ரேடியோவில் விடுவதாயிருந்தால், மீண்டும் ஒரு பாதியைத் தின்றுவிடும்.

தட்டை ரவுட்டரின் பக்கத்தில் கொண்டுவந்து, 3 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பியால் இணைத்தேன். மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாற்றினேன். மிச்சமிருந்த படம் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அதே வாரம் பல்லாயிரம் சிறு புகைப்படங்களை அனுப்பியபோது மறுபடியும் மந்தம் வந்தது. இந்தத் தடவை பிழை காற்றில் இல்லை. 1980-களில் ஐபிஎம்மில் உருவான எஸ்எம்பி என்ற பகிர்வு முறை, ஒவ்வொரு கோப்புக்கும் திறக்கட்டுமா, இருக்கிறதா, மூடட்டுமா என்று பலமுறை கேட்டு விடை பெற்ற பிறகே நகரும். நம் பழைய வியாபாரியின் ரசீதுப் பிடிவாதம் வேறொரு தளத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. படங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதும் அந்தத் தொல்லையும் நீங்கிற்று.

1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், 400 கஜ தூரத்திலுள்ள இரண்டு கட்டடங்களுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த வலை திடீரென்று 40 பிட்டுக்கு வீழ்ந்தபோது, வேன் ஜேகப்ஸன் என்ற அறிஞர் செய்ததும் புதிய கம்பி கேட்டதன்று. பொதிகளின் போக்குவரத்தை ஒவ்வொன்றாகக் கண்காணித்து, எல்லாரும் ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி அனுப்புவதே நெரிசலை வளர்க்கிறது என்று கண்டு, அனுப்புகிறவர்கள் நிதானமாகத் தொடங்கி மெல்ல மெல்ல வேகம் கூட்டும் முறையை வகுத்தார். இன்றும் உலகத்தின் கோப்புகள் பெரும்பாலும் அந்த மரபிலேதான் ஓடுகின்றன.

குரூருட் பள்ளத்தாக்கிலோ, டொரோன்டோவிலோ, சென்னையின் ஓர் அடுக்குமாடியிலோ இதைப் படிக்கும் அன்பர்கள், வீட்டு வலை மந்தமாயிருக்கிறது என்று புதுப் பெட்டிக்குப் பணம் செலவழிக்குமுன், பழைய பெட்டியின் அருகே ஒரு தடவையும் தூரத்து அறையில் ஒரு தடவையும் எதிரொலியை அளந்து பாருங்கள். இரண்டு முனைகளில் ஒன்றையாவது கம்பியில் கட்டிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.